உறுதியைப் பார்க்கும் நாம் உயிரைப் பாராதிருப்பதோ?

ஒரு பரப்புக் காணி வாங்கப் புறப்படும் நம்மவர் என்ன செய்கிறார்? விற்பவருடைய உறுதியைக் கேட்கிறார். அதற்கு முந்திய உறுதியையும் கேட்கிறார். ஈடு உண்டா, வழக்கு உண்டா என்று நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்திலே தேடுவிக்கிறார். எல்லைக் கல்லை நேரிற் சென்று காண்கிறார். இத்தனையும் முடிந்த பின்னரே முற்பணம் அவர் கையை விட்டுப் போகின்றது. இவ்வாறு தேடுவதை அவமரியாதை என்று எவரும் சொல்வதில்லை; விற்பவரும் முகம் சுளிப்பதில்லை. தேடாமல் வாங்கியவனையே ஊர் ஏளனம் செய்கின்றது.

அதே மனிதருக்கு மூன்று மாதமாக இருமல். நாலு படி ஏறினால் மூச்சு முட்டுகிறது. இரவிலே தொய்வு வருகிறது. இப்பொழுது அவர் என்ன செய்கிறார்? “நெஞ்சுக்கு நல்ல டாக்டர் யார்?” என்று சந்தியிலே ஒருவரைக் கேட்கிறார். அவர் சொன்ன பெயருக்குத் தொலைபேசியில் இலக்கம் எடுக்கிறார். கட்டணத்தைக் கட்டிவிட்டு மண்டபத்திலே காத்திருக்கிறார். டாக்டர் எத்துறையில் தேர்ந்தவர்? அவருடைய பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? தாம் ஆண்டுதோறும் பணம் கட்டிவரும் காப்புறுதி இந்தச் செலவை ஏற்குமா? இவற்றுள் ஒன்றையேனும் அவர் கேட்பதில்லை. கேட்டால் டாக்டர் கோபிப்பாரோ என்று அஞ்சுகிறார்.

மண்ணுக்கு ஒரு நீதி, மூச்சுக்கு ஒரு நீதியா? காணி பறிபோனால் வேறு காணி வாங்கலாம். கெட்டுப்போன நுரையீரலை எந்தச் சந்தையிலே வாங்குவது?

இந்தப் பேதைமை நம் மக்களுடைய குற்றம் மாத்திரமன்று. கேள்வி கேளாத நோயாளரே நல்ல நோயாளர் என்று நம்மைப் பழக்கிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தால் வைத்திய வியாபாரமும் காப்புறுதி வியாபாரமும் இலாபம் அடைகின்றன. நட்டம் அடைபவர் யார்? மாதச் சம்பளத்தை எண்ணி வாழும் உத்தியோகத்தரும், அறுவடைப் பணத்தை நம்பி வாழும் கமக்காரருமே.

நெஞ்சு ஒன்று, வைத்தியர் பலர்

நமது பேச்சுவழக்கிலே இருதயமும் நெஞ்சுதான், நுரையீரலும் நெஞ்சுதான். ஆகவே மூச்சு முட்டுகிறவர் இருதய நிபுணரிடம் போய்ச் சேருகிறார். பணத்தையும் பல வாரங்களையும் இழந்த பின்னர் வேறிடத்துக்கு அனுப்பப்படுகிறார். மூச்சு முட்டுவதற்கு இருதயமும் காரணமாகலாம் என்பது உண்மையே. ஆயினும் யாரிடம் போகிறோம் என்பதை அறிந்து போவது வேறு. குருட்டாம்போக்கிற் போவது வேறு.

நுரையீரலுக்கு மருந்து கொண்டு சிகிச்சை செய்பவர் சுவாச நோய் வைத்திய நிபுணர். நெஞ்சறையைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்பவர் நெஞ்சறைச் சத்திர சிகிச்சை நிபுணர். எல்லா உறுப்புகளின் நோயையும் பொதுவாகப் பார்ப்பவர் பொது வைத்திய நிபுணர். நுரையீரலிலே புற்றுநோய் கண்டால் புற்றுநோய் வைத்திய நிபுணரும் வேண்டும். இவர்கள் அனைவரும் மதிப்புக்குரியவர்களே. எனினும் ஒருவர் வேலையை மற்றவர் செய்வதில்லை.

இலங்கையிலே ஒருவர் சுவாச நோய் வைத்திய நிபுணர் ஆவது எப்படி? முதலில் எம்.பி.பி.எஸ். பட்டம், அடுத்து ஓராண்டு உள்ளகப் பயிற்சி, பின்னர், 1980 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்திலே எம்.டி. பரீட்சை; அதன் பின்னும் சுவாச மருத்துவத்தில் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பல ஆண்டுப் பயிற்சி. இவை யாவும் முடிந்தபின் நிறுவகம் வழங்கும் நிபுணத்துவச் சான்றே அவரை நிபுணராக்குகின்றது. எம்.பி.பி.எஸ். முடித்தவர் வைத்தியர்; எம்.டி. சித்தியடைந்தவர் வழியில் நிற்பவர். சான்று பெற்றவரே நிபுணர். இந்த மூன்று படிகளையும் நம் வீட்டுப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

எழுத்துக்களும் பதிவேடும்

நிற்க. பெயர்ப்பலகையில் பெயருக்குப் பின்னே வரிசையாக நிற்கும் எழுத்துக்களைப் பாருங்கள். எம்.ஆர்.சி.பி. என்பது பிரித்தானிய வைத்தியக் கல்லூரிகளின் பொது மருத்துவப் பரீட்சையிலே சித்தியடைந்ததைக் காட்டும். அது பெருமைக்குரியதே, ஆனால் அது மாத்திரம் ஒருவரை நுரையீரல் நிபுணர் ஆக்கிவிடாது. எப்.சி.சி.பி. என்ற நான்கு எழுத்துக்களை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மார்பு வைத்தியர் கல்லூரியின் உயர் உறுப்பினரும் அதையே போடுகிறார். நமது நாட்டின் இலங்கை வைத்திய நிபுணர் கல்லூரியின் உயர் உறுப்பினரும் அதையே போடுகிறார். முன்னதிலே மார்பு என்ற சொல் உண்டு, பின்னதிலே இல்லை. பலகையிலே எழுத்து ஒன்று, பொருள் இரண்டு! நோயாளர் எங்ஙனம் அறிவார்?

எழுத்துக்களை எண்ணிப் பயனில்லை. பதிவேட்டைப் பார்க்க வேண்டும். மேல்நாட்டு வைத்தியம் செய்யும் ஒவ்வொருவரும் 1927 ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின்கீழ் இலங்கை மருத்துவச் சபையிலே பதிந்திருத்தல் வேண்டும். பதியாமல் வைத்தியம் செய்வது குற்றம். பதிந்த ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் உண்டு. நிபுணர்களுக்கெனத் தனிப் பதிவேடும் உண்டு. இந்தப் பதிவேடு இரகசியமன்று. சபையின் இணையத்தளத்திலே பெயரையோ இலக்கத்தையோ கொண்டு எவரும் தேடலாம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. நமது பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயர் நாலு விதமாக எழுதப்படும். ஓர் எழுத்து மாறினால் நல்ல வைத்தியரும் இல்லாதவராகத் தோன்றுவார். ஒத்த பெயருடைய வேறொருவர் அவராகத் தோன்றுவார். ஆகவே பெயரைக் கொண்டு தேடுவதினும் பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்கித் தேடுவதே நேர்வழி. மருந்துத் துண்டின் அடியிலுள்ள முத்திரையிலும் அந்த இலக்கம் இருப்பது வழக்கம்.

சித்த வைத்தியருக்கும் ஆயுர்வேத வைத்தியருக்கும் 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின்படி வேறு சபை உண்டு, வேறு பதிவும் உண்டு. பரம்பரை வைத்தியத்தை நாம் இழித்துரைப்பவரல்லர். இரு சாராரும் டாக்டர் என்றே அழைக்கப்படுவதால், எச்சபையின் பதிவு என்று கேட்பது இங்கு இன்னும் அவசியமாகின்றது.

“வைத்தியரை இப்படிச் சந்தேகிக்கலாமா?” என்று சிலர் கேட்பர். நாம் கேட்பது சந்தேகமன்று, விபரம். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கண்விழித்துப் படித்து நிபுணரானவர் பதிவு இலக்கத்தைச் சொல்ல ஏன் கூச வேண்டும்? அதைக் கேட்டால் உண்மையான நிபுணருக்குப் பெருமை. கோபம் வருமாயின் அது யாருக்கு வரும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்வார்கள்.

சேற்றிலே நிற்பவரின் மூச்சு

இது பட்டணத்துப் படித்தவருடைய கவலை, கமக்காரருக்கு இதனால் என்ன என்று எண்ணுவோரும் உளர். உண்மை அதற்கு நேர்மாறானது. சூடடிக்கும் களத்திலே தூசியை உண்பவர் யார்? புகையிலைத் தோட்டத்தில் உழைத்துச் சுருட்டையும் பற்றவைப்பவர் யார்? விறகடுப்பின் முன்னே நாற்பது ஆண்டுகள் புகையைச் சுவாசித்த அவருடைய மனைவி, ஒரு சுருட்டையும் தொடாமலே, புகைபிடித்தவரைப் போல மூச்சு வாங்குவது ஏன்? இத்தகைய நாட்பட்ட நோயை, குழாயிலே பலமாக ஊதிப் பார்க்கும் சோதனை இன்றி உறுதிசெய்ய முடியாது. இருமல் மருந்துப் போத்தலை மாத்திரம் மாற்றி மாற்றித் தருபவர் அந்த நோயைக் காணப்போவதில்லை.

மெலியோய்டோசிஸ் என்ற நோயைக் கேள்விப்பட்ட கமக்காரர் எத்தனை பேர்? சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமியினால் உண்டாவது அது. இலங்கையின் பல மாவட்டங்களிலே காணப்பட்டிருக்கிறது. வயலில் இறங்கி உழைப்பவரையும், அவருள்ளும் நீரிழிவு உடையவரையும் அது பெரிதும் தாக்கும். நுரையீரலிற் புகுந்தால் காய்ச்சல், இருமல், உடல் மெலிவு எனச் சயரோகத்தைப் போலவே வேடம் போடும். ஆனால் சயரோகத்துக்குக் கொடுக்கும் வழமையான மருந்து இதனைத் தீர்க்காது. இரத்தத்தையும் சளியையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பிக் கிருமியை வளர்த்துப் பார்த்தே தெளிய வேண்டும். அப்படிச் சந்தேகித்து அனுப்பத் தெரிந்தவர் கையிலே அந்தக் கமக்காரருடைய உயிர் இருக்கிறது. ஆளறிந்து போவது ஆடம்பரமா, அவசியமா என்று இனிக் கூறுங்கள்!

காப்புறுதியின் சிறிய எழுத்து

இனிப் பணத்தின் கதைக்கு வருவோம். காப்புறுதி முகவர் வீட்டுக்கு வருகிறார். தேநீர் அருந்துகிறார். “எல்லா வருத்தத்துக்கும் காசு கிடைக்கும்” என்கிறார். நாம் கையொப்பம் வைக்கிறோம். முகவருடைய வாக்கு காற்றோடு போகின்றது. பத்திரத்தின் எழுத்தே நிற்கின்றது. அந்த எழுத்து என்ன சொல்கிறது?

முதலாவது, வைத்தியக் காப்புறுதிகளிற் பெரும்பாலானவை வைத்தியசாலையிலே தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. நுரையீரல் நோயாளருடைய செலவோ பெரும்பாலும் தங்காமற் செய்யும் செலவு. நிபுணரின் கட்டணம், எக்ஸ்ரே, ஊதிப் பார்க்கும் சோதனை, மாதந்தோறும் வாங்கும் இன்ஹேலர் ஆகிய யாவும் வெளிநோயாளர் செலவுகள். அவற்றுக்கெனத் தனியாகச் சேர்த்திராவிட்டால் ஒரு சதமும் வராது. முட்டு வருத்தக்காரர் இருபது ஆண்டுகள் காப்புறுதி கட்டியும் அதனாற் பயன் காணாதது இப்படித்தான்.

இரண்டாவது, பழைய நோய். முன்மொழிவுப் படிவத்திலே “முன்னர் நோய் உண்டா?” என்ற கேள்விக்கு, முகவர் “இல்லை என்று போடுங்கள்” என்பார். சிறுவயதிலே வந்த இழுப்பை மறைத்து நாம் கையொப்பம் இடுவோம். பின்னொரு நாள் வைத்தியசாலையின் நோய் நிர்ணய அட்டையிலே “சிறுவயது முதல் ஆஸ்துமா” என்று எழுதப்பட்டிருக்கும். கோரிக்கை நிராகரிக்கப்படும். அப்பொழுது முகவர் எங்கே? உண்மையை எழுதுவதால் கட்டணம் சற்று உயரலாம். அந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் விதிக்கப்படலாம். ஆனால் மறைத்துக் கட்டிய பணம் கிணற்றிற் போட்ட கல்லே.

மூன்றாவது, பணம் கட்டாமலே வைத்தியசாலையை விட்டு வர வேண்டுமாயின் அந்த வைத்தியசாலை அந்தக் கொம்பனியின் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லையெனில் முழுப்பணத்தையும் நாமே கட்டிப் பற்றுச்சீட்டுக்களைச் சேர்த்துக் குறித்த காலத்துள் அனுப்ப வேண்டும். வைத்தியசாலை ஏற்கப்பட்டாலும் நிபுணருடைய கட்டணத்துக்கும் அறைக்கும் தனித்தனி எல்லை இருக்கலாம். எல்லைக்கு மேற்பட்டது நம் தலையிலேயே விழும்.

நான்காவது, இங்கேதான் இரண்டு கேள்விகளும் ஒன்றாகின்றன. காப்புறுதிப் பத்திரங்கள் பொதுவாகச் சட்டப்படி பதியப்பட்ட வைத்தியர், பதியப்பட்ட வைத்தியசாலை என்றே கூறுகின்றன. தனியார் வைத்திய நிலையங்கள் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதியப்பட வேண்டியவை. பதிவில்லாதவரிடம் போனவர் உடலையும் பணயம் வைக்கிறார். காப்புறுதிப் பணத்தையும் பணயம் வைக்கிறார். வைத்தியருடைய தகுதியைத் தேடுவதும் காப்புறுதியின் நிபந்தனையைத் தேடுவதும் ஒரே தேடலின் இரண்டு பக்கங்களே.

அரச உத்தியோகத்தர் அக்ரஹாரக் காப்புறுதியை நம்பியிருக்கின்றனர். சம்பளத்திலே மாதந்தோறும் கழிக்கப்படும் அத்தொகைக்கு எவ்வெச் செலவு, எவ்வளவு எல்லை என்று தமது கந்தோரிலேயே கேட்டறிந்தவர் எத்தனை பேர்? கமக்காரர் பயிர்க் காப்புறுதியை நம்பியிருக்கின்றனர். அது வெள்ளத்திலும் வரட்சியிலும் பயிரைக் காக்க வந்தது. அந்தத் துண்டைக் காட்டி வைத்தியசாலைக் கட்டணத்தைக் கட்ட முடியாது. நெல்லுக்கு வேலியிட்ட நாம் நெஞ்சுக்கு வேலியிட மறந்தோம்!

அநீதியாக நிராகரிக்கப்பட்டவர் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. முதலில் கொம்பனியிடம் எழுத்திலே காரணம் கேட்க வேண்டும். அதன்பின் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி இருக்கிறார். இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கிறது. ஆனால் எழுத்திலே கேட்டவருக்கே எழுத்திலே பதில் வரும்.

இலவசம் என்றால் இழிவோ?

மூச்சுக்குச் சிகிச்சை தேட எல்லோரும் தனியார் வைத்தியசாலைப் படியேற வேண்டும் என்று யார் விதித்தார்கள்? மாலையிலே கட்டணம் வாங்கிப் பார்க்கும் நிபுணருட் பலர் காலையிலே அரசாங்க வைத்தியசாலையிலே கட்டணமின்றிப் பார்க்கிறவர்களே. எந்த அரசாங்க வைத்தியசாலையிலே, எந்தக் கிழமையிலே அவருடைய கிளினிக் நடைபெறுகின்றது என்று கேட்டால் இரண்டு நன்மை உண்டு. அவர் அரசாங்கத்தால் நிபுணராக நியமிக்கப்பட்டவர் என்பது தெளிவாகும், பணமும் மிஞ்சும்.

தேசிய காசநோய்க் கட்டுப்பாடு மற்றும் மார்பு நோய்கள் திட்டத்தின்கீழ் மாவட்டங்கள்தோறும் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அங்கே சளியைச் சோதிக்கலாம். சயரோகம் என்று கண்டால் ஏறத்தாழ ஆறு மாதத்துக்குரிய முழு மருந்தும் இலவசம். கடுமையான நோய்களுக்கு வெலிசறையிலே சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை இருக்கிறது. சயரோகம் என்ற பெயருக்கு வெட்கப்பட்டு அந்த வாசலை மிதியாமல், பெயர் தெரியாத இடங்களிலே பணத்தைக் கொட்டி, நோயையும் வீட்டாருக்குப் பரப்புகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியது நோய்க்கன்று, மறைப்பதற்கே.

ஆயினும் அரசாங்கத்தையும் நாம் சும்மா விடப்போவதில்லை. 2022 ஆம் ஆண்டில் நாட்டின் பொருளாதாரம் சரிந்த பின்னர் வைத்தியர் பலர் கடல் கடந்தனர். நிபுணரில்லாத வைத்தியசாலையிலே இலவசம் என்ற சொல் எதற்கு? நோயாளரைத் தனியார் வாசலுக்குத் துரத்துவது வெற்றிடமே. வன்னியின் கமக்காரரும் மலையகத் தொழிலாளரும் ஒரு நுரையீரல் நிபுணரைக் காண ஒரு நாட் கூலியை இழந்து, பேருந்திலே நெடுந்தூரம் போக வேண்டியிருப்பின், அந்தச் சுகாதாரக் கொள்கையிலே சுகம் எங்கே, ஆதாரம் எங்கே?

தமிழிலே தருக!

மானிப்பாயிலே டாக்டர் சாமுவேல் கிறீன் 19 ஆம் நூற்றாண்டிலேயே மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். உடற்கூற்றையும் சத்திர வைத்தியத்தையும் தமிழ் நூல்களாக்கினார். உடலின் நுட்பங்களை அன்றே தாங்கிய மொழி, இன்று ஒரு காப்புறுதி நிபந்தனையைத் தாங்காதா? 1956 ஆம் ஆண்டிலே புறக்கணிக்கப்பட்ட நமது மொழி, 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தினால் அரசகரும மொழியாகவும் எழுதப்பட்டது. ஏட்டிலே எழுதப்பட்டது நோயாளருடைய கையிலே வந்து சேர வேண்டும். படிவத்தையும் பத்திரத்தையும் தமிழிலே கேட்போம். விளங்காத மொழியிலே கையொப்பம் இடுவது, வாசியாத உறுதியிலே கையொப்பம் இடுவதே.

நமது கோரிக்கை

தனியார் வைத்தியசாலைகளைக் கேட்கிறோம்: நிபுணரின் பெயருக்கு அருகிலே பதிவு இலக்கத்தையும் சான்று பெற்ற துறையையும் தமிழிலே எழுதி வையுங்கள். எவ்வெக் காப்புறுதி ஏற்கப்படும் என்பதையும் இலக்கம் கொடுக்கும் போதே கூறுங்கள்.

காப்புறுதிக் கொம்பனிகளைக் கேட்கிறோம்: சிகிச்சைக்கு முன்னரே, எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை எழுத்திலே தாருங்கள்.

அரசாங்கத்தைக் கேட்கிறோம்: மார்பு நோய் நிலையங்களின் வெற்றிடங்களை நிரப்புங்கள்.

நம்மவரையும் கேட்கிறோம். 1930 களிலே மூளாய் மக்கள் எவரிடமும் கையேந்தாமல், கூட்டுறவாகக் கூடித் தமக்கென வைத்தியசாலை கண்டார்கள். அந்தப் பரம்பரையினர் ஒரு பதிவேட்டைத் தேடச் சக்தியற்றுப் போனோமா? ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும் படித்த இளைஞர் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் இருக்கட்டும். ஊரவர் கொண்டு வரும் பெயரையும் இலக்கத்தையும் பதிவேட்டிலே தேடிச் சொல்லட்டும். ஆசிரியரும் எழுதுவினைஞரும் சட்டத்தரணியும் அயலவருடைய காப்புறுதிப் பத்திரத்தை வாசித்து விளக்கட்டும். கமக்காரர் அமைப்புக்களும் கூட்டுறவுச் சங்கங்களும் தமது அங்கத்தவருக்காகக் கூட்டாகக் கொம்பனிகளுடன் பேசட்டும். தனி மனிதருடைய கேள்வியைத் தட்டிக்கழிக்கலாம். ஓர் ஊருடைய கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

பெயர் என்ன, பதிவு இலக்கம் என்ன, எத்துறையில் நிபுணர், காப்புறுதி எவ்வளவு ஏற்கும்? நாலு கேள்விகள்! கேட்க நாலு நிமிடமும் ஆகாது. கேட்பதற்கு அஞ்சும் சமுதாயம் மூச்சு விடுவதற்கும் பிறருடைய தயவை எதிர்பார்க்கும். மூச்சு நம்முடையது, கேட்கும் உரிமையும் நம்முடையதே. கேட்போம்!